ஊரறிய ஒரு தேர்தல்

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அன்று இரவு ஏழு மணியளவில், மாநிலத்தில் 72.09 விழுக்காடு வாக்குகள் பதிவாகியிருப்பதாகத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். நள்ளிரவையொட்டி வந்த அடுத்த அறிவிப்பில் அது 69.46 ஆகக் குறைந்திருந்தது. சென்னைத் தொகுதிகள் சிலவற்றில் இறக்கம் பத்துப் புள்ளிகளையும் தாண்டியது. கடைசியில் நிலைத்த எண் 69.72. மாலையில் சொன்னது செயலி வழியாக வந்துசேர்ந்த விவரங்களை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு, எல்லாச் சாவடிகளின் கூட்டுத்தொகை அல்ல என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தை ஐயப்பட எனக்குக் காரணம் ஏதுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உத்தேசக் கணக்கு தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் ஓடிக்கொண்டிருந்த அதே வேளையில், ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற துல்லியமான எண் ஒரு தாளில் எழுதப்பட்டுக் கையெழுத்தாகிக்கொண்டிருந்தது. உத்தேசம் கைப்பேசிக்கு வந்தது. உறுதியானது உறைக்குள் போயிற்று. இன்றைய உரையின் பொருள் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

தொழில்நுட்பமும் உலகமயமும் தேர்தலை என்ன செய்தன என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். முன்பு தகவல் அரிதாக இருந்தது, இப்போது அது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது, ஆகவே மக்களாட்சி வலுப்பெற்றது என்பது ஒன்று. பொய்யும் அவதூறும் மின்னல் வேகத்தில் பரவுகின்றன, ஆகவே மக்களாட்சி கெட்டது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் தகவலின் அளவையும் வேகத்தையும் மட்டுமே அளக்கின்றன. என் வாதம் வேறு. தேர்தலுக்கு வேண்டிய தகவல் என்பது ஊரறியக் கிடக்கும் தகவல். எனக்குத் தெரிவதே என் எதிர்க்கட்சிக்காரனுக்கும் தெரிய வேண்டும்; படிப்போ பணமோ இல்லாதவரும் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும்; நாளைக்கும் அது அங்கேயே அழியாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத தகவல் எவ்வளவு வேகமாக வந்தாலும் அது தேர்தலைக் காக்காது. நம் காலத்துக் கருவிகள் தகவலைப் பெருக்கியிருக்கின்றன. அதன் பொதுத்தன்மையைப் பல இடங்களில் குறைத்திருக்கின்றன.

இதை அளக்க ஓர் அளவுகோல் செங்கல்பட்டு மாவட்டத்தாராகிய நமக்கு அருகிலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். இன்று காஞ்சிபுரம் மாவட்டம். மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியும் உத்திரமேரூரும் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில் ஒன்றாகவே இருக்கின்றன. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன: ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919, மற்றது 14ஆம் ஆண்டு, 921. கல்வெட்டு ஆய்வாளர் வெங்கய்யா 1904-05ஆம் ஆண்டுக்கான தொல்லியல் துறை அறிக்கையில் இவற்றை வெளியிட்ட நாளிலிருந்து இவை மேடைதோறும் முழங்கப்படுகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் நம் முன்னோர் அன்றே வாக்களித்தார்கள் என்று பெருமைப்பட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வாக்களிக்கவில்லை, ஊர் வாரியங்களுக்கான ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அந்தச் சுவரில் முக்கியமாகப் படுவது வேறு.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் நடைமுறையைக் கொஞ்சம் அருகில் நின்று பாருங்கள். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுள்ளோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியோரும் பெரியோருமாக மகாசபை முழுவதும் கூடியிருக்கிறது. ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எவரும் விடுபடாமல் மண்டபத்தில் இருத்தப்படுகிறார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் எழுந்து நின்று எல்லாரும் காணும்படி குடத்தை எடுத்துக் காட்டுகிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுக்கிறான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். அவர் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகே பெயர் ஏற்கப்படும். விரல்களை விரிக்கச் சொன்னது ஏன்? ஓலையை மாற்றிவிடுவானோ என்ற சந்தேகம்தான். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னதும் அதற்குத்தான். அந்தச் சபை ஆட்களின் நல்லெண்ணத்தை நம்பி விதி எழுதவில்லை. மோசடி நடக்கக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் கண்டு, அங்கெல்லாம் பல கண்களைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இன்னொன்றும் உண்டு. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 ஆக மாற்றினார்கள். விதி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, திருத்தினார்கள், அதில் வியப்பில்லை. பழைய விதியை அழிக்காமல் புதியதையும் அதே கோயிலில் வெட்டினார்கள் என்பதே விஷயம். எது இருந்தது, எது மாறியது என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து நாமும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்பதும் அச்சுவரில் இருக்கிறது. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு, தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்ய வழிவைத்திருக்கிறது. உறவினரை விட்டுவிட்டோம். அது நியாயம்தான், ஆனால் உத்திரமேரூர்க்காரர்களுக்குப் பினாமி என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கே அந்தக் குடத்தில் இடம். நிலத்தை உழுதவருக்கும், ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கும், எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை. சுவரில் எழுதியதை வாசிக்கத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. இந்த மறுப்பை நான் முழுக்க ஏற்கிறேன். யார் பங்கேற்கலாம் என்ற கேள்விக்கு உத்திரமேரூர் நமக்கு வழிகாட்டாது; 1950இல் எல்லாருக்கும் வாக்குரிமை தந்த அரசமைப்புச் சட்டம்தான் வழிகாட்டும். ஆனால் பங்கேற்பவர்களுக்குள் தகவல் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி தனி. அதில் அந்தச் சிறிய மேட்டுக்குடிச் சபை தனக்குள் கடைப்பிடித்த கண்டிப்பு, தொண்ணூறு கோடிக்கு மேல் வாக்காளர் உள்ள நாட்டில் இன்று நமக்கு இருக்கிறதா என்று கேட்கலாம். உரிமை பரந்தது, வெளிப்படை சுருங்கியது என்று ஆகிவிடக் கூடாது.

சாவடிக்கு வருவோம். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடி தலைமை அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் முடிவுப் பொத்தானை அழுத்துகிறார். மொத்த வாக்குகளின் எண்ணிக்கை திரையில் தெரிகிறது. வாக்களித்தவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டோடு அதை ஒப்பிட்டு, இயந்திரத்தின் அடையாள எண், காகித முத்திரைகளின் எண் எல்லாவற்றையும் 17சி என்ற படிவத்தில் எழுதுகிறார். அங்கே இருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் அதில் ஒரு நகல் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது விதி. ஐந்து விரல் விரித்து வாங்கிய ஓலைக்கு நேர் வாரிசு இந்தத் தாள்தான். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் இந்தத் தாளின் மொத்தமும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்கும் வாய்ப்பு யாருக்கு? ஒரு மக்களவைத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். அத்தனைக்கும் முகவர் போடப் பெரிய கட்சிகளுக்குத்தான் முடியும். சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ ஒரு மீனவர் சுயேச்சையாக நின்றால் அவர் கையில் பத்து நகல்கூடச் சேராது. வாக்காளருக்கோ ஒன்றும் கிடையாது. 2024இல் முதல் கட்டத்தின் இறுதி விழுக்காடு பதினொரு நாள் கழித்து வந்தபோது, 17சி படிவங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். அவற்றைப் பொதுவில் விட்டால் படத்தை மாற்றித் திரித்துப் பரப்புவார்கள், குழப்பம் விளையும் என்றது தேர்தல் ஆணையம். தேர்தல் நடுவில் தலையிட முடியாது என்று மே 24 அன்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. மறுநாளே, அதுவரை முடிந்த ஐந்து கட்டங்களுக்கும் தொகுதிவாரியாக வாக்களித்தோர் எண்ணிக்கையை ஆணையம் தானே வெளியிட்டது. அதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

திரிப்பார்கள் என்ற அச்சம் வெற்று அச்சம் அல்ல. ஆனால் அதற்கு மருந்து எது? இந்த இடத்தில் உலகம் நமக்கு உதவுகிறது. கென்யாவில் 2017 அதிபர் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முடிவுகள் வந்த வழியைச் சரிபார்க்க முடியவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022இல் அங்குள்ள தேர்தல் ஆணையம் 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவுப் படிவங்களைப் படமாகவே பொது இணையதளத்தில் ஏற்றியது. பத்திரிகைகளும் கட்சிகளும் ஆர்வமுள்ள இளைஞர்களும் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். தோற்றவர் வழக்குப் போட்டார். திரிக்கப்பட்ட படிவங்கள் என்று சிலவற்றை அவர் தரப்பில் நீட்டினார்கள். தளத்தில் இருந்த படிவங்களோடும் அசல் தாள்களோடும் ஒப்பிட்டு அந்த வாதத்தை நீதிமன்றம் தள்ளியது. திரித்த படத்துக்கு எதிராக நிற்க முடிந்தது, திரிக்காத படம் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருந்ததால்தான். அசலை உறைக்குள் வைத்துக்கொண்டு நகலை நம்பாதீர்கள் என்று சொன்னால், நம்பாதவர் எதை வைத்து நம்பிக்கை பெறுவார்? உலகமயம் என்றதும் நாம் நிறுவனங்களையும் முதலீட்டையும் நினைக்கிறோம். நைரோபியில் கற்ற பாடம் செங்கல்பட்டுக்கு வருவதும் உலகமயம்தான். அந்தச் சரக்குக்கு நம் துறைமுகத்தில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

வாக்காளர் பட்டியல் இன்னும் சிக்கலானது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை; 6.41 கோடியாக இருந்தது 5.43 கோடி ஆயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் விடுபட்டவை ஏறத்தாழ ஏழு லட்சம். இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் வகை பிரித்தது. இவ்வளவு பெயர்கள் போனதாலேயே தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. பழைய பட்டியல் ஊதிப்போயிருந்தது என்பது பூத் ஸ்லிப் கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கிய எந்தக் கட்சிக்காரருக்கும் தெரியும். சரியான பெயர்கள்தான் போயினவா என்று ஊர் பார்த்துச் சொல்ல முடிந்ததா என்பதே கேள்வி. பீகாரில் இதே திருத்தத்தின்போது 65 லட்சம் பெயர்கள் வரைவில் இல்லாமல் போனபோது முதலில் அந்தப் பெயர்களும் காரணங்களும் வெளியிடப்படவில்லை. 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு மாவட்ட இணையதளங்களில் தேடக்கூடிய வடிவில் போடுங்கள், பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டுங்கள், நாளிதழிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லுங்கள். இணையமும் வேண்டும், சுவரும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்ன உத்தரவு அது. தமிழ்நாட்டில் நீக்கப்பட்டோர் பட்டியல் வெளியானதற்கும் அதுவே முன்மாதிரி.

ஆனாலும் முழுப் பட்டியலை நீங்கள் இணையத்திலிருந்து இறக்கினால் கிடைப்பது படம். எழுத்துகளாகத் தேட முடியாது. தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரை வைத்துச் சாதி, மதம் கணக்கிடுவார்கள், வாக்காளரின் அந்தரங்கம் பறிபோகும் என்பது ஆணையத் தரப்பின் கவலை. இந்த மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. பெயரையும் தெருவையும் பார்த்துச் சாதி சொல்லும் கலையில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தப் படங்களை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பணமுள்ள கட்சிகளிடமும் அவை அமர்த்தும் வியூக நிறுவனங்களிடமும் எப்போதோ வந்துவிட்டது. தடை அவர்களைத் தடுக்கவில்லை. ஒரு பஞ்சாயத்து வார்டில் எத்தனை பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க நினைக்கும் கல்லூரி மாணவரைத் தடுக்கிறது. தனிமனிதர் தன் அடையாள அட்டை எண்ணைத் தட்டித் தன் பெயரைத் தேடலாம், அது போதாதா என்பார்கள். போதாது. இறந்தவர் தன் பெயரைத் தேடமாட்டார். ஊரைவிட்டுப் போனவரும் பெரும்பாலும் தேடமாட்டார். ஒரு பட்டியலின் பிழையைக் கண்டுபிடிப்பவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். தன் பெயரை மட்டும் பார்க்கவிடும் சாளரம் அவருடைய கண்ணைக் கட்டிவிடுகிறது. பிறந்த தேதி, புகைப்படம், கைப்பேசி எண்ணை மறைத்துவிட்டு, பெயரும் பாகமும் வரிசை எண்ணும் தேடக்கிடைக்கும்படி செய்வது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையும் அல்ல.

அழியாமல் இருப்பது பற்றிச் சொன்னேன். 2024 டிசம்பர் 9 அன்று, அரியானா சட்டமன்றத் தேர்தலின் சாவடி வீடியோ, சிசிடிவி பதிவு, 17சி நகல்களை மனுதாரருக்குத் தருமாறு பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டது. விதிகளில் குறிப்பிட்ட காகித ஆவணங்கள் மட்டுமே பொதுமக்கள் பார்வைக்கு, மின்னணுப் பதிவுகள் அதில் சேரா என்றாயிற்று. 2025 மே 30 அன்று, தேர்தல் வழக்கு ஏதும் இல்லாவிட்டால் 45 நாளில் அந்தப் பதிவுகளை அழிக்கலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. வாக்களிக்க வரும் பெண்களின் முகங்களை ஊருக்குக் காட்டலாமா என்று ஆணையம் கேட்டது. கேள்வியில் நியாயம் உண்டு. யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்று உள்ளூர்ப் பெரும்புள்ளி வீடியோவில் பார்த்துப் பழிதீர்க்கக்கூடும் என்பதையும் நான் அதோடு சேர்ப்பேன். ஆகவே சாவடி வீடியோவை இணையத்தில் கொட்டவேண்டும் என்பது என் கருத்தல்ல. நீதிமன்ற மேற்பார்வையில் பார்க்கும்படி ஐந்தாண்டு வைத்திருக்கலாமே? ஆவணத்தைக் காட்டாமல் இருப்பது ஒன்று, அழிப்பது வேறொன்று. கல்லில் வெட்டிய காலத்தில் அழிப்பதற்குச் செலவு அதிகம். இன்று வைத்திருப்பதற்கான செலவு வெகுவாகக் குறைந்துவிட்ட காலத்தில் அழிப்பதற்கு அவசரம் காட்டுகிறோம்.

இதுவரை பேசியது அரசு வைத்திருக்கும் தகவல். கட்சிகள் பரப்பும் தகவலில் மாற்றம் இன்னும் ஆழமானது. தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் ஒட்டிய சுவரொட்டியை எல்லாக் கட்சிக்காரரும் பார்க்கிறார். பொய் என்றால் மறுநாளே பக்கத்தில் பதில் ஒட்டுகிறார். வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு அச்சகம் இல்லை, அது யாருக்கெல்லாம் போனது என்பது பதில் சொல்ல வேண்டியவருக்குத் தெரியாது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்போர் வதந்தியால் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் தாக்கப்பட்டு மூதாட்டி ஒருவர் கொல்லப்பட்டார். இப்படி நாடெங்கும் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான், அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் நடந்தது இன்னும் கற்றுக்கொள்ளத் தக்கது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று தொடர்பில்லாத வீடியோக்களைக் காட்டி இந்தியில் ஒரு புரளி கிளம்பியது. பீகார் சட்டமன்றம் வரை அது போயிற்று. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்தது. நம்மைப் பற்றிய அந்தப் புரளி நமக்குத் தெரிந்தது கடைசியில்தான். கட்டுமான வேலை நடக்கும் பழைய மாமல்லபுரம் சாலையின் ஒரு பக்கத்தில் அது ஓடியது, மறு பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே தெருவில் இரண்டு செய்தி உலகங்கள்.

அந்தச் சாலையில் சிறுசேரி இருக்கிறது; அங்கே சிப்காட் வளாகத்தில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. சென்னைக் கடற்கரையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன: 2002இல் சிங்கப்பூரோடு இணைத்த கேபிள் தொடங்கி, 2020 ஆகஸ்டில் அந்தமானுக்குப் போன 2,300 கிலோமீட்டர் கேபிள் வரை. உலகத்தின் தகவல் நம் மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது என்று பெருமைப்படலாம். ஆனால் இயந்திரம் நம் மாவட்டத்தில் இருப்பதால் அதற்குள் நடப்பது நமக்குத் தெரியும் என்று ஆகாது. அரசியல் விளம்பரங்களை யார் போட்டார், எவ்வளவு செலவு என்ற விவரத்தைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் 2019 தேர்தல் முதல் இந்தியாவில் வெளியிடுகின்றன. நல்லது. ஆனால் அது அந்நிறுவனங்கள் மனமுவந்து திறந்த சன்னல். நாளை மூடினால் தட்டுவதற்கு நம் சட்டத்தில் கதவில்லை. செயற்கை நுண்ணறிவு இதை மேலும் கலக்கியிருக்கிறது. 2024 ஜனவரியில் கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரியில் பிறந்தநாளன்று ஜெயலலிதாவின் குரல் கேட்டது. இரண்டையும் அவரவர் கட்சியார் வெளிப்படையாகவே செய்தார்கள், ஏமாற்று ஏதுமில்லை. மறைந்தவர் பேசினால் இது கருவி என்று குழந்தைக்கும் தெரியும். வாழும் வேட்பாளரின் குரலில், வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு, ஒரே ஒரு மீனவக் குப்பத்துக் கைப்பேசிகளுக்கு மட்டும் ஒரு பேச்சு வந்தால் மறுப்பு எந்த வாசலுக்குப் போகும்?

மக்கள் இதையெல்லாம் பார்த்தா வாக்களிக்கிறார்கள், சாதியும் பணமும் சின்னமும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வேட்பாளர்களின் குற்ற வழக்கு, சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபதாண்டுக்கு மேலாகியும் வழக்குள்ளவர்கள் வென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். உண்மை. ஆனால் தகவல் வேலைசெய்வது ஒவ்வொரு வாக்காளரும் ஒவ்வொரு தாளையும் படிப்பதால் அல்ல. படிக்கக் காரணமுள்ள யாரோ ஒருவர் படிப்பதால். தேர்தல் பத்திரம் அதற்குச் சாட்சி. 2018 முதல் ஆறாண்டு, அந்தப் பத்திரங்கள் வழியாக யார் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார் என்பது மூடி வைக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. விவரங்களைப் பொருத்தித் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கி. நீதிமன்றம் மறுத்தது; மார்ச் மாதத்திலேயே பத்திர எண்களோடு பட்டியல்கள் வந்தன. எண்கள் வந்த சில மணி நேரத்தில் பத்திரிகையாளர்கள் கொடுத்தவரையும் வாங்கியவரையும் பொருத்திவிட்டார்கள். அதிகப் பத்திரங்களை விலைக்கு வாங்கியது, 1,368 கோடி ரூபாய்க்கு, கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபரின் நிறுவனம். அதில் திமுகவுக்குப் போனது 500 கோடிக்கு மேல். கொடுத்தவர்கள் பெயரை நீதிமன்ற உத்தரவின்படி அக்கட்சி முன்பே ஆணையத்திடம் தந்திருந்தது, ஆனால் உறையில் வைத்து. ஜூன் இறுதி வரை ஆகும் என்று வங்கி சொன்ன வேலை ஒரே இரவில் முடிந்ததற்குக் காரணம், தகவல் தேடக்கூடிய வடிவில் எல்லார் கைக்கும் ஒரே நேரத்தில் வந்ததுதான். கருவிகளை நான் குறைசொல்லவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

வாக்கு இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், தனித் தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகன் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, அங்கே 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்களை அரசமைப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்றது. நம் நாட்டில் வாக்குச்சீட்டுக் காலத்தின் சாவடிக் கைப்பற்றல்களை மறந்துவிட்டு அந்தத் தீர்ப்பை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணும் கோரிக்கை தள்ளப்பட்டதும் அந்த வரலாற்றை நினைவில் வைத்துத்தான். இருந்தும் ஜெர்மானியர் வைத்த சோதனை சரியானது. இயந்திரத்துக்கு வெளியே சாதாரண ஆள் எண்ணக்கூடிய தாள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

இனி என்ன செய்யலாம்? 17சி படிவத்தை அன்றிரவே சாவடிக் கதவில் ஒட்டலாம், இணையத்திலும் ஏற்றலாம். நீக்கப்பட்ட பெயர்களைக் கிராம சபையில் ஒவ்வொன்றாக வாசிக்கலாம். தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ வாசித்தால், யார் இறந்தார், யார் மகள் வீட்டோடு போய்விட்டார், யார் கடலில் இருக்கிறார் என்று ஊர் உடனே சொல்லிவிடும். ஆனால் தேர்தல் கணக்கில் இதே மாவட்டத்தில்தான் சோழிங்கநல்லூரும் இருக்கிறது; 2025 திருத்தத்துக்கு முன் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்களோடு மாநிலத்தின் மிகப் பெரிய தொகுதியாக வளர்ந்திருந்த இடம். அடுக்குமாடியின் எட்டாவது தளத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் முன் யார் பெயரை வாசிப்பது? அங்கே சுவரைவிடத் தேடக்கூடிய பட்டியல்தான் உதவும். ஆகவே ஒரே முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அந்த அடுக்குமாடிகளைக் கட்டிய ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் நிலை இரண்டிலும் சேராது. சொந்த ஊரில் இடம்பெயர்ந்தவர் என்று பெயர் போகிறது. இங்கே வழக்கமாக வசிப்பவர் என்று பதிவு செய்யச் சட்டம் இடம் தந்தாலும், தகரக் கொட்டகைக்கு முகவரிச் சான்று தருபவர் இல்லை. அவர்களுக்காகத் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றின் மாதிரியைச் செய்துகாட்ட 2023 ஜனவரி 16 அன்று தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்தது. ஒரே கருவியில் 72 தொகுதிகளுக்கு வாக்களிக்கலாம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, திட்டம் அப்படியே நிற்கிறது. அன்று கேட்கப்பட்ட கேள்விகள் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல. கேளம்பாக்கத்துச் சாவடியில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து வேட்பாளருக்கு முகவராக யார் உட்காருவார்? அங்கே நிற்பவர் யாரென்று இங்கே இருப்பவருக்கு யார் சொல்வார்? முடிவுப் படிவத்தின் நகலை யார் கையெழுத்திட்டு வாங்குவார்? இயந்திரத்தைச் செய்தவர்களிடம் இவற்றுக்குப் பதில் இல்லை. மறுத்த கட்சிகளும் மாற்று வழி எதையும் முன்வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.